கல்லங்குறிச்சி முதல் சாந்திவனம் வரை

அரியலூர் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவு வருவது சிமெண்டுதான். சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்த பெரும் பள்ளங்களும், அந்தக் கல்லைச் சுமந்து இரவு பகலாய் ஓடும் லாரிகளும், அவை கிளப்பும் வெண்புழுதி படிந்து நரைத்துப்போன வேலமரங்களுமாகத்தான் இந்தச் சீமை புதிதாய் வருகிறவர்களுக்குக் காட்சி தருகிறது. தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. அதற்கும் தெற்கே தஞ்சை நாட்டின் பசுமை. அந்தப் பசுமையில் இந்தப் பக்கத்துக்குக் கிடைத்த பங்கு சொற்பம். பெரும்பகுதி வானம் பார்த்த பூமி; முந்திரியும் நிலக்கடலையும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற புன்செய். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் மன அமைதியைத் தேடிப் பிரயாணம் புறப்பட்டான் என்றால், கேட்பவர்கள் சற்றுச் சிரித்தாலும் சிரிக்கலாம். ஆயினும் அமைதியைப் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுதியுள்ள மண் இதைப்போல் வேறொன்று கிடைப்பது அரிது.

அதற்குக் காரணம் உண்டு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் வெட்டியெடுக்கும் கல்லை உற்றுப் பாருங்கள். அதற்குள் சிப்பிகள் புதைந்திருக்கும். கைப்பிடி அளவுள்ள சிப்பிகள், கடற்கரையில் நேற்று ஒதுங்கியவைபோல் வரி வரியாய்க் கோடுகள் தெரியக் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடத்தில் கடல் அலை மோதிக்கொண்டிருந்ததாம். பூகர்ப்ப சாஸ்திரிகள் இந்தப் பாறை அடுக்குக்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே வைத்து வழங்குகிறார்கள்; உலகத்தின் மற்ற மூலைகளில் வாழும் பண்டிதர்களும் அந்தப் பெயரை உச்சரிக்கிறார்கள். கடல் பின்வாங்கிப் போய்விட்டது. அதன் ஓசையும் போய்விட்டது. ஆனால் கடல் வைத்துவிட்டுப் போனது போகவில்லை. ஓசை அடங்கிய பிறகும் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே உண்மைப் பொருள் என்பதைக் கல்லங்குறிச்சியின் மண் வாய் திறவாமலே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரைத் தமிழ்நாடு அறிந்திருப்பது சிப்பிகளால் அல்ல. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால். இக்கோயிலின் விசேஷம் என்னவென்றால், மூலஸ்தானத்தில் நாம் வழக்கமாய்க் காணும் நின்ற கோலமோ கிடந்த கோலமோ இல்லை. ஓங்கி நிற்கும் ஒரு கற்கம்பந்தான் பெருமாள். ஸ்தல வரலாறு எளிமையானது. எங்கோ ஒரு திருப்பணிக்காக வண்டியில் கொண்டுபோன கம்பம், வழியில் அச்சு முறிந்து இங்கே விழுந்து கிடந்தது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு குடியானவரின் பசு காணாமற்போய்த் தேடியபோது, அது புதருக்குள் கிடந்த இந்தக் கம்பத்தின்மேல் பாலைச் சொரிந்து நிற்கக் கண்டார்கள். கனவில் ஆணை பிறந்தது, கம்பம் எழுந்து நின்றது, கோயில் உண்டாயிற்று. இன்றும் பங்குனியில் ஸ்ரீராமநவமியை ஒட்டி உற்சவம் தொடங்கிவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம். குடியானவர்கள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கைப் பெருமாளுக்கென்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

உற்சவ காலத்தில் அல்லாமல், சாதாரணமான ஒரு நாள் நடுப்பகலில் அங்கே போக வேண்டும். மேளம் இல்லை, கூட்டம் இல்லை. கம்பத்துக்கு முகம் கிடையாது. ஆகையால் பக்தன் அதனிடம் முகபாவத்தைத் தேட முடியாது. கேட்க வந்ததைக் கேட்டு முடித்த பிறகும் சும்மா நிற்கிறவர்கள் சிலரை அங்கே பார்க்கலாம். அந்தச் சும்மா நிற்றலில்தான் எல்லாச் சமயங்களும் சந்திக்கின்றன என்று தோன்றுகிறது. நம் பிரார்த்தனைகளில் பெரும்பாலானவை விண்ணப்பப் பத்திரங்களே அல்லவா? பையனுக்கு உத்தியோகம், பெண்ணுக்கு வரன், வயிற்று வலிக்கு நிவாரணம் என்று ஜாபிதா ஒன்றைப் படித்துவிட்டு, பதில் வருவதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். விண்ணப்பம் தீர்ந்த பிறகும் சந்நிதியை விட்டு நகராமல் இருப்பதென்பது வேறு விஷயம். அது கடவுளிடமிருந்து ஏதோ ஒன்றை விரும்புவதன்று, கடவுளையே விரும்புவது.

இந்த மௌன உறவு சைவத்துக்கும் வைணவத்துக்கும் மட்டும் உரியது என்றும், கிறிஸ்தவ சமயம் மணியோசையும் கீதமும் பிரசங்கமும் நிறைந்தது என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். கிறிஸ்தவ நண்பர்களில் சிலருமே அப்படி நினைப்பதுண்டு. ஆனால் அவர்களுடைய வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. எலியா என்னும் தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி மலைக்குகையில் ஒளிந்திருந்தபோது, பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று வீசியது. காற்றில் கடவுள் இல்லை. பூமி அதிர்ந்தது, அதிர்ச்சியிலும் இல்லை. நெருப்பு எழுந்தது, அதிலும் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய ஓசை வந்தபோதுதான் எலியா தன் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு வெளியே வந்தார். இயேசுநாதரும், பகலெல்லாம் நோயாளிகளும் கூட்டமுமாய் இருந்த மறுநாள், விடியுமுன் எழுந்து தனியிடத்துக்குப் போய்ப் பிரார்த்தித்தார் என்று சுவிசேஷம் கூறுகிறது. ஜெபம் செய்கிறவன் உள்ளறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் சீடர்களுக்குக் கொடுத்த போதனை.

அந்த உள்ளறை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கல்லங்குறிச்சியிலிருந்து வெகுதூரம் போகத் தேவையில்லை. அதே அரியலூர் வட்டாரத்தில், தெற்கே கொள்ளிடக்கரையை நோக்கி இறங்கினால், திருமானூருக்கு அருகில் ஏலாக்குறிச்சி வருகிறது. அங்கே அடைக்கல மாதாவின் தேவாலயம் இருக்கிறது. இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்ற அழகான பெயரை இட்டவர் வீரமாமுனிவர். திருக்காவலூர்க் கலம்பகம் என்ற பிரபந்தத்தை அவர் பாடியதும் இந்த மாதாவின் பேரில்தான். அரியலூர்ப் பாளையக்காரரான அரங்கப்ப மழவராயரின் ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாகப் பாளையக்காரர் தேவாலயத்துக்கு நிலம் விட்டார் என்றும் அவ்வூரில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சமயம் வேறான ஓர் அரசர், மற்றொரு சமயத்தின் ஆலயத்துக்கு நிலம் விட்டதை நம் நாட்டில் யாரும் அதிசயமாய் எண்ணியதில்லை. எண்ண வேண்டியதும் இல்லை.

வீரமாமுனிவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயற்பெயருடன் 1680-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்தில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து துறவியாகி, 1710-ல் கோவாவில் வந்திறங்கி, பிறகு மதுரை மிஷனுக்கு வந்துசேர்ந்தார். தமிழில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி எழுதும் முறையைத் தந்தவர், சதுரகராதியைத் தொகுத்தவர், தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணம் செய்தவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் மொழியில் பெயர்த்தவர், பரமார்த்த குருவின் கதையால் நம்மைச் சிரிக்க வைத்தவர். இத்தனை வேலை செய்த மனிதர் எப்போது மௌனமாயிருந்திருப்பார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை அவருடைய தலைசிறந்த காவியமாகிய தேம்பாவணியிலேயே இருக்கிறது.

தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இத்தனை பெரிய காப்பியத்துக்குத் தலைவர் யார்? இயேசுநாதரின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர். முனிவர் அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் கொடுத்தார். சுவிசேஷங்கள் நான்கையும் எழுத்தெண்ணிப் படித்தாலும் இந்தச் சூசையப்பர் வாயிலிருந்து வந்ததாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மாதா பேசுகிறாள், சீடர்கள் பேசுகிறார்கள், பேய்கள்கூடப் பேசுகின்றன. சூசையப்பர் பேசவில்லை. கனவில் தேவதூதன் சொல்கிறான். அவர் எழுந்து சொன்னபடி செய்கிறார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்து தேசத்துக்குப் புறப்படுகிறார். திரும்பி வந்து நாசரேத்தில் தச்சுத் தொழில் செய்கிறார். அவ்வளவுதான். ஒரு சொல்லும் பேசாத ஒரு தச்சருக்கு 3,615 பாடல்களால் கோயில் கட்டியவர், மௌனத்தின் மதிப்பை அறியாதவராய் இருந்திருக்க முடியுமா?

சூசையப்பரின் மௌனம் குகையில் அமர்ந்த முனிவரின் மௌனம் அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் குடும்பஸ்தர். இழைப்புளியும் உளியும் கையில் இருக்க, கூலியும் வரியும் கவலையாய் இருக்க, மனைவியையும் குழந்தையையும் காப்பாற்றும் பொறுப்புத் தலையில் இருக்க, உள்ளே மட்டும் செவி சாய்த்துக்கொண்டிருந்தவர். கிறிஸ்தவ மௌனத்தின் முதல் இலக்கணம் அதுவே. மனத்தைச் சூனியமாக்குவது அதன் நோக்கமல்ல. அன்புள்ள ஒருவர் பேசக்கூடும் என்பதால் நாம் பேச்சை நிறுத்திக் காத்திருப்பது. தொட்டிலருகே தூங்கும் தாயைப் பாருங்கள். வெளியே இடி இடித்தாலும் விழிக்கமாட்டாள். குழந்தை சிணுங்கினால் உடனே எழுந்துவிடுவாள். அவளுடைய தூக்கத்திலும் ஒரு செவி விழித்திருக்கிறது. பக்தனுடைய அமைதியும் அதைப் போன்றதே.

இந்தச் செவியைப் பழக்குவதற்கு வீரமாமுனிவரின் சபைக்கு ஒரு முறை இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர். யுத்தத்தில் கால் முறிந்து படுத்திருந்தபோது மனம் திரும்பி, பின்னர் 1522-ல் மன்ரேசா என்னும் ஊரில் தனித்திருந்து, தாம் உள்ளத்தில் கண்டதைக் குறித்துவைத்தார். அதிலிருந்து பிறந்த ஞானப் பயிற்சி முறையை இயேசு சபையார் ஒவ்வொருவரும் சுமார் 30 நாள் மௌனத்தில் இருந்து பயில வேண்டும். அத்துடன் தினந்தோறும் நடுப்பகலிலும் இரவிலும் சிறிது நேரம் ஒதுக்கி, அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். முதலில், கிடைத்த நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, உண்மையைக் காணும் ஒளிக்காக வேண்டுதல். பிறகு நாளின் ஒவ்வொரு நாழிகையையும் நினைவுக்குக் கொண்டுவருதல், தவறியதற்கு வருந்துதல், நாளைக்கு ஒரு தீர்மானம். கடைக்காரர் இரவில் கணக்குப் பார்ப்பது போன்ற காரியந்தான். ஆனால் இந்தக் கணக்கைத் தனியாகப் பார்ப்பதில்லை, நம்மிடம் அன்புடையவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கப் பார்க்கிறோம்.

ஏலாக்குறிச்சி தேவாலயத்துக்குத் திருவிழாக் காலத்தில் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அடைக்கலம் என்ற பெயரை நம்பி வருகிறார்கள். நாம் மேலே சொன்ன விண்ணப்பப் பத்திரங்கள் இங்கும் ஏராளம். அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. துன்பப்படுகிறவன் அழுவதும் பிரார்த்தனையே. ஆனால் அழுகை ஓய்ந்த பிறகு சிலர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஜெபமாலை விரலில் நின்றுபோயிருக்கும். மாதாவைப் பற்றிச் சுவிசேஷம் சொல்லும் ஒரு செய்தி அப்போது நினைவுக்கு வருகிறது: நடந்தவற்றையெல்லாம் அவள் தன் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாளாம். எல்லாம் புரிந்துவிட்டது என்று அங்கே சொல்லவில்லை. உள்ளத்தில் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்லியிருக்கிறது.

வீரமாமுனிவருக்கு இறுதிக் காலம் திருக்காவலூரில் வாய்க்கவில்லை. யுத்தங்களால் நாடு கலங்கிய காலம் அது. 1747-ல் மலையாள நாட்டில் அம்பழக்காடு என்னும் இடத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் நட்டுவைத்த மரத்தின் நிழல் அவருக்குக் கிட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் பிரயாணத்தின் கடினமான கேள்வி எழுகிறது. கடவுளுடன் மௌனமாய் உறவாடும் வாழ்க்கைக்குப் பலன் என்ன? அந்தப் பலனை எதனால் அளப்பது? கண்ணெதிரே ஒன்றும் விளையாவிட்டால், அந்த வாழ்க்கை வீண்தானா?

இந்தக் கேள்வியுடன் ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கு நோக்கிப் போக வேண்டும். கொள்ளிடம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிறது. அதற்கும் மேற்கே, திருச்சியிலிருந்து கரூர் செல்லும் பாதையில், காவிரி அகண்ட காவிரியாய்ப் பரந்து கிடக்கும் இடத்தில் குளித்தலை. அதை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், நதிக்கரைத் தோப்பில், சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்பது அதன் செல்லப் பெயர். ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிறவர்கள் தோப்புக்குள் நுழைந்ததும், கோபுரம் போன்ற வாயிலைக் கண்டு, தவறான முகவரிக்கு வந்துவிட்டோமோ என்று தயங்குவதுண்டு. உள்ளே போனால் கர்ப்பக்கிருகம். ஆனால் அங்கே நிகழ்வது கிறிஸ்தவத் திருப்பலி.

இந்த ஆசிரமத்தை 1950-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ந் தேதி தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள். மூத்தவர் ஜூல் மோன்ஷானென். 1895-ல் பிறந்தவர், பெரிய அறிவாளி, உடல்நலம் குன்றியவர். 1939-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, குளித்தலைப் பக்கத்துக் கிராமங்களில் ஏழை ஜனங்களுக்கிடையே குருவாகப் பணியாற்றியவர். இளையவர் ஹென்றி லெ சோ. பிரான்சில் பெனடிக்ட் சபை மடத்தில் பல வருஷங்கள் இருந்து, 1948-ல் இங்கே வந்து சேர்ந்தவர். 1949-ல் இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். ஒரு வார்த்தையும் பேசாமலே மகரிஷி நிரப்பி வைத்திருந்த அந்தச் சபை லெ சோவை ஆயுள் முழுவதும் விடவில்லை. அபிஷிக்தானந்தர் என்ற பெயருடன் காவி உடுத்து, தரையில் உண்டு உறங்கி, நம் நாட்டுத் துறவிகளின் முறைப்படியே அவர் வாழத் தொடங்கினார். மோன்ஷானெனும் அவ்வாறே வாழ்ந்தார்.

இவர்கள் இங்கே என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடம் கட்டவில்லை, ஆஸ்பத்திரி நடத்தவில்லை, மதமாற்றம் செய்யவும் முனையவில்லை. கடவுளைத் தொழுவதே வேலை என்று இருந்தார்கள். சத், சித், ஆனந்தம் என்று நம் பெரியோர் பரம்பொருளைச் சொன்ன மூன்று சொற்களில் தங்கள் வேதம் கூறும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியைக் கண்டு, அந்தப் பெயரையே ஆசிரமத்துக்கு வைத்தார்கள். இந்திய இளைஞர்கள் வந்து சேருவார்கள், நம் மண்ணிலேயே ஒரு கிறிஸ்தவத் தவச்சாலை வளரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. நிலையாகத் தங்கிய சீடர் ஒருவரும் இல்லாமலே வருஷங்கள் கழிந்தன. இரு நண்பர்களுக்குள்ளும் கருத்து ஒன்றாயிருக்கவில்லை. அத்வைத அனுபவத்தின் ஆழத்தில் லெ சோ இறங்கிக்கொண்டே போனார். அவ்விடத்தில் கிறிஸ்துவின் முகம் மறைந்துவிடுமோ என்று மோன்ஷானென் அஞ்சினார். இளையவர் அருணாசலத்தின் குகைகளுக்குப் போய்விடுவார். மூத்தவர் தோப்பில் தனியே இருப்பார். 1957-ல் மோன்ஷானென் கடும் நோயுற்றார். சிகிச்சைக்காகப் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் மாதம் 10-ந் தேதி அங்கேயே காலமானார். தாம் சாக விரும்பிய மண்ணிலிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால், சீடர்கள் இன்றி, கட்டி முடிக்காத கனவுடன் அவர் போனார். உலகத்தின் கணக்குப் புத்தகத்தில் இதற்குத் தோல்வி என்றுதான் பெயர்.

ஆனால் கல்லங்குறிச்சிக் கம்பத்தின் கணக்கு வேறு. அது போய்ச் சேர வேண்டிய கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை, நடுவழியில் விழுந்தது, புதர் மூடியது. அங்கேயே கிடந்தது. காலம் வந்தபோது விழுந்த இடமே கோயிலாயிற்று. சாந்திவனத்திலும் அதுவே நடந்தது. லெ சோ இமயமலையை நாடிப் போக முடிவு செய்தபோது, 1968-ல் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவி கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து இந்தியச் சகோதரர்களுடன் வந்து தோப்பை ஏற்றுக்கொண்டார். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 1965-ல், கத்தோலிக்கத் திருச்சபை ரோமாபுரிச் சங்கத்தில் கூடி, மற்றச் சமயங்களில் உள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் தான் தள்ளுவதில்லை என்று அறிவித்திருந்தது. காற்றின் திசை மாறிவிட்டது. இந்தியர்களும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்களுமாக விருந்தினர் தோப்பை நிறைத்தார்கள். இந்தியத் துறவிகள் நிலைத்தார்கள். பீட் கிரிபித்ஸ் 1993-ல் அங்கேயே காலமானார். அவருடைய சமாதி தோப்பிலேயே இருக்கிறது. மோன்ஷானென் தனித்து அமர்ந்திருந்த வருஷங்கள் இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றும் இல்லை.

ஆயினும் பின்னால் வந்த இந்த வெற்றியால்தான் அவர் வாழ்க்கை பொருள் பெற்றது என்று முடிவு கட்டினால் நாம் தவறிவிடுவோம். ஒருவேளை யாருமே வராமற்போயிருந்தாலும், தோப்பு மறுபடி முட்புதராகியிருந்தாலும், அந்த ஏழு வருஷத்துத் தொழுகை தொழுகையே. நண்பரைப் பார்க்கப் போகிறவன், "இந்தச் சந்திப்பால் என்ன சாதித்தாய்?" என்று கேட்டால் திகைத்துப்போவான், பார்த்ததே பலன் அல்லவா? கடவுளுடைய நட்பும் அப்படியே. அதை ஒரு காரியத்துக்குச் சாதனமாக்க முனைந்த மறுகணம் அது நட்பாய் இராது. ஆத்ம நிறைவு என்று நாம் சொல்லுவது, வெற்றியின் முடிவில் கிடைக்கும் சன்மானம் அன்று. பலனை மறந்து ஒருவர் அருகில் இருக்கக் கற்றுக்கொண்டவனுக்கு அது நாளடைவில் தானே வந்து சேருகிறது.

சாந்திவனத்தின் தினசரி ஒழுங்கு மிகவும் எளியது. காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளைப் பிரார்த்தனை. தமிழிலும் வடமொழியிலும் கீதங்கள். வேதாகமத்துடன் மற்றச் சமயங்களின் மறைநூல்களிலிருந்தும் வாசிப்பு. சூரியன் உதிக்கும் வேளையிலும் மறையும் வேளையிலும் ஒவ்வொரு மணிநேரம் தியானம்; அதற்கு மணி அடிப்பதோடு சரி, யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. விரும்பியவர் காவிரிக்கரையில் உட்காரலாம். விரும்பியவர் தம் குடிசையிலேயே இருக்கலாம். மற்ற நேரங்களில் மாடு கறக்க வேண்டும், காய்கறி நறுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். முதல் நாள் வந்தவருக்கு இந்த மௌனம் இன்பமாயிருக்கும். இரண்டாம் நாள் மனத்தில் அடக்கிவைத்திருந்த கவலைகளும் பழைய கோபங்களும் ஒவ்வொன்றாய் வெளியே வந்து கூச்சலிடும். அப்போது ஓடிவிடாமல் இருப்பதுதான் பயிற்சி. குளத்தை இறைக்கும்போது முதலில் தெரிவது சேறுதானே?

"ஆசிரமத்துக்குப் போக எங்களுக்கு ஏது ஓய்வு? அடுப்பங்கரையை விட்டு நகர முடியவில்லையே!" என்று இதைப் படிக்கும் சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத் தகுந்தவர், 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் வாழ்ந்த லாரன்ஸ் என்னும் சகோதரர். அவர் பண்டிதர் அல்லர்; குருப்பட்டம் பெற்றவரும் அல்லர். போரில் காலில் காயம்பட்ட பழைய சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையல். அது அவருக்குப் பிடிக்காத வேலையாகவும் இருந்தது. ஆயினும் அடுப்பருகே நிற்கும்போதும் தேவாலயத்தில் மண்டியிடும்போதும் கடவுளின் சந்நிதி ஒன்றே என்று தமக்குள் பழகிப் பழகி, பல ஆண்டுகளில் அதைத் தம் இயல்பாக்கிக்கொண்டார். 1691-ல் அவர் காலமான பிறகு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். அந்தச் சிறு புத்தகத்தைக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒன்றுபோலப் போற்றிப் படிக்கிறார்கள்.

வேலை மிகுந்தவர்களுக்கு மௌனம் கூடாது என்பதும் மெய்யல்ல. நாட்டின் விடுதலைப் போர் முழுவதையும் தோளில் சுமந்த காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். வைசிராய் ஆனாலும் தொண்டர் ஆனாலும் அன்று அவரிடமிருந்து துண்டுக் காகிதத்தில்தான் பதில் பெற முடியும். இயேசுநாதரின் மலைப் பிரசங்கத்தைத் தம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய உபதேசங்களில் ஒன்றாக அவர் கொண்டிருந்தது யாவரும் அறிந்ததே. மௌன நாளில் அவர் உலகத்தைக் கைவிடவில்லை. மறுநாள் உலகத்துக்குக் கொடுக்க வேண்டியதை அன்று சேர்த்துக்கொண்டார்.

மௌனத்திலும் போலி உண்டு என்பதை மறக்கலாகாது. வீட்டில் சண்டையிட்டுப் பேசாமலிருப்பதும் மௌனந்தான். பக்கத்து வீட்டார் துன்பத்தைக் கேட்க மனமின்றிக் கண்ணை மூடிக்கொள்வதும் மௌனந்தான். உண்மைக்கும் போலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமல்ல. தியானம் முடிந்து எழுந்தவர் முதலில் சந்திக்கும் மனிதரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால் போதும். வேலைக்காரியிடம் குரல் தணிந்திருக்கிறதா? அழும் குழந்தையைத் தூக்கப் பொறுமை வந்திருக்கிறதா? வந்திருந்தால் உள்ளறையில் உண்மையாகவே யாரோ இருந்தார். கிறிஸ்தவப் பெரியோர்கள் கடவுளன்பையும் பிறரன்பையும் பிரிக்கலாகாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதன் கருத்து இதுதான்.

தொடங்குவதற்கு அதிகம் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் கால்மணி நேரம்; அல்லது விளக்கை அணைப்பதற்கு முன் கால்மணி நேரம். கிறிஸ்தவர் வீட்டில் ஒரு சிலுவையோ சுவிசேஷத்திலிருந்து ஒரு வரியோ முன்னிருக்கட்டும். அந்த நாளின் நன்மைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பிறகு எழுந்து போகாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் ஒன்றும் நடவாது. இரண்டாம் வாரமும் நடவாது. கொசு கடிக்கும், பால்காரன் மணி அடிப்பான், நாளைய சாம்பாருக்குப் பருப்பு இருக்கிறதா என்ற யோசனை வரும். யோசனை வந்தது தெரிந்ததும் கோபம் கொள்ளாமல் மனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதுவே ஜெபம்.

கொள்ளிடக்கரைத் திருக்காவலூருக்கும் அகண்ட காவிரியின் சாந்திவனத்துக்கும் போய்வர வசதியுள்ளவர்கள் அவசியம் போய்வர வேண்டும். இரண்டும் ஒரே நதியின் நீர் பாயும் ஊர்கள். ஒரே மொழி கேட்கும் ஊர்கள். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடல் கடந்து வந்து நம் மண்ணில் உட்கார்ந்து தேடிய பொருள் ஒன்று உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து. அதைக் காவல் காப்பதும் பயிரிடுவதும் இனி அவர்கள் கையில் இருக்கிறது.